தவறணையில் இருபத்திரண்டு டின்

ஹலோ... ஹலோ... எக்ஸ்சேஞ்சு அம்மா, லைன வெட்டிராதீங்க, இப்பத்தான் கெடைச்சிருக்கு... ஹலோ, பதுளை விதைக்கடையா? மொஹிதீன் நானாவா?... நான்தான் நானா, இராமையா கணக்கப்பிள்ளை. ஸ்பிரிங்வெளிக்கு மேல, தோட்டத்து ஆபீஸ்ல இருந்து...

நல்லா இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன். பொண்டாட்டி மூணு நாளா எங்கூடப் பேசல. தொரை மட்டுந்தான் பேசுறாரு, அத நிப்பாட்ட வழி இல்ல. மத்தபடி ஒரு கொறையும் இல்ல...

ஆமா ஆமா, ஜும்மாவுக்குக் கடைய மூடுவீங்கன்னு தெரியும். அதான் பெரிய கிளாக்கர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரமாப் பாத்து போன எடுத்தேன். ஒரே ஒரு கேள்விதான் நானா. என் தக்காளிக் கன்னு எங்க?...

தெரியாமத்தானே கேக்குறேன். செவ்வாக்கெழம வரும்னீங்க. செவ்வா வந்துச்சு. புதன் வந்துச்சு. நேத்து வியாழனும் சொன்ன நேரத்துக்கு வந்துருச்சு. கன்னு மட்டும் வரல...

சிரிக்காதீங்க நானா. நாளைக்குச் சனிக்கெழம. சனிக்கெழமைக்குள்ள கன்னு மண்ணுல நிக்கலேன்னா அந்த ஓடைப்பக்கத் துண்டு நெலத்துல திரும்ப மானாப்புல்லு நட்டுருவேன்னு தொரை சொல்லிட்டாரு. மேல்லயத்துல இருபத்திரெண்டு குடும்பம். கூப்பன் மாவு பாதியாப் போயி, பிள்ளைங்க மூணு நேரமும் மரவள்ளிக் கெழங்கப் பாத்துப் பாத்து மொகத்தத் திருப்புதுங்க. நான்தான் தொரை கால்ல விழாத கொறையா, காய்கறி போட அந்தத் துண்ட வாங்கினேன். அது போச்சுன்னா லயத்துப் பக்கம் நான் எந்த மூஞ்சியோட போவேன்?...

ஆமா, தொரையும் ஒதவி செஞ்சாரு, இல்லேங்கல. வெள்ளக்காரன் புஸ்தகம் ஒண்ண எடுத்து ஒரு படம் காட்டுனாரு. கண்ணாடியிலயே வீடு. செவுரு கண்ணாடி, கூரை கண்ணாடி. உள்ள தக்காளி நிக்கிது. "இராமையா, இந்த மாதிரி ஒண்ணு இருந்தா மொளைக்கும்"னாரு. சரிங்கய்யான்னேன். எங்க லயத்துக் கூரைத் தகரத்துல மழைக்கு நாலு சட்டி வைக்கிறோம், மேல கண்ணாடி மாட்டிட்டாப் போச்சு. சரி, பொலித்தீனாவது குடுங்கய்யான்னா, அது நாட்டுலயே இல்லியாம். நாட்டுல இல்லாதத எல்லாம் புஸ்தகத்துல போட்டு வச்சிருக்கான்...

ஆமா ஆமா. மொத தடவ இங்க போட்ட விதை பூரா இந்தப் பனியில தண்டழுகிப் போனது ஒங்களுக்கே தெரியும். அப்பத்தானே நீங்க சொன்னீங்க, பதுளை சூட்டுல, ஒங்க மச்சான் ஜௌபர் பேக்கரியில பாண் சுடுற போறணைச் செவத்த ஒட்டி மொளைக்க வைக்கலாம்னு. மண்ணெண்ணெ டின்ன ரெண்டா அறுத்து, வீட்டுக்கு ஒரு டின்னு, இருபத்திரெண்டு டின்னு. ஒங்க வீட்டம்மா ஹம்ஸியா தண்ணி தெளிச்சுப் பாத்துக்கிட்டாங்க. அவங்க புண்ணியம் எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. நாலு எல விட்டுருச்சுன்னு நீங்க சொன்னதும் அன்னைக்கு நான் தூங்கல நானா. அதான் கேக்குறேன், அந்த டின்னு எல்லாம் எங்க?...

அனுப்பிட்டீங்களா?... செவ்வாக்கெழமையேவா?... பாண் வேன்ல... ஜௌபர் மகன் நிஸாமே ஓட்டிக்கிட்டு வந்தானா... சரி, எங்க எறக்குனான்?...

ஆமா, தவறணையிலதான் எறக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன். அந்தத் தவறணை வாசல்லதானே மூணு நாளா கால் கடுக்க நிக்கிறேன். அங்க தேயிலைக் கன்னத் தவிர ஒண்ணும் இல்லியே...

பெஞ்சா?... பெஞ்சுக்குக் கீழயா?... தவறணையில ஏது நானா பெஞ்சு?... பசறை ரோட்டு முக்குல... பக்கத்துல சுண்டல் வறுக்குற அடுப்பு...

...

நானா. கொஞ்சம் நில்லுங்க. நான் உக்காந்துக்கிறேன்.

தவறணைன்னா தோட்டத்துல நாத்து மேடை நானா. கன்னு வளக்குற எடம்... ஆமா, கள்ளுக்கடைக்கும் அதே பேருதான். இல்லேன்னு சொல்லல. பேரு வச்சவன் யாருன்னு தெரிஞ்சா நானே போயிக் கேப்பேன். ஆனா தக்காளிக் கன்ன ஒரு மனுசன் எங்க எறக்கச் சொல்லுவான்? கன்னு வளக்குற எடத்துலயா, கள்ளு ஊத்துற எடத்துலயா?... நிஸாம் ரோட்டுல வழி கேட்டானா? கேட்டிருப்பான். தவறணை எங்கன்னு கேட்டா எங்க தோட்டத்துல ஆம்பள அத்தன பேரும் வேலைய விட்டுட்டு வந்து கையப் புடிச்சுக் காட்டுவானுங்க, நல்ல சனம்...

அங்க என்ன சொல்லிட்டு எறக்குனான்?... "இராமையா கணக்கப்பிள்ளைக்கு இருபத்திரெண்டு டின்னு"... சத்தமாவா?... எல்லாரும் இருந்தாங்களா?...

ஐயோ நானா. இப்பப் புரியுது.

இல்ல, ஒங்களுக்குப் புரியாது, கேளுங்க. கதிர்காமத்துல எம் பொண்டாட்டி பெரியாயி தலையில கை வச்சு, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். ஏழு மாசமாச்சு. அந்த முக்கு வழியாக் கூடப் போறதில்ல, குறுக்குப் பாதையில ஏறி எறங்குறேன். செவ்வாக்கெழம சாயங்காலம், ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல, அந்தக் கள்ளுக்கடையே கதின்னு கெடக்குற நல்லையா என்னப் பாத்து இளிக்கிறான். "கணக்கப்பிள்ளையய்யா, டின்னு வந்துருச்சு போல, எங்களுக்கும் உண்டா?"ங்கிறான். நான் எதச் சொல்றான்னு நெனைப்பேன்? கன்னத்தானே கேக்குறான்னு, "எல்லாருக்கும் உண்டுடா, வீட்டுக்கு ஒரு டின்னு, பெரியாயி கையாலயே குடுக்குறேன்"னேன்...

ஆமா. அவ பக்கத்துலதான் நின்னா...

சிரிங்க சிரிங்க. பள்ளிவாசலுக்குப் போற நேரம், நல்லாச் சிரிச்சுட்டுப் போங்க. அன்னையில இருந்து சோறு இருக்கு, பேச்சு இல்ல. தட்ட வைக்கிறா, நாய்க்கு வைக்கிற மாதிரி தள்ளி வச்சுட்டுப் போறா. நான் என்னத்தக் கண்டேன்? தொரை திட்டுனதுக்குத்தான் கோவிச்சிருக்கான்னு நெனச்சேன்...

இன்னைக்குப் பெரட்டுக்கும் வரல நானா. பக்கத்து வீட்டு ரெங்கம்மாவும் இன்னும் நாலஞ்சு பேரும் வரல. தெமோதரையில அவ அண்ணன் வீடு இருக்கு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோன்னு பயமா இருக்கு. இதச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நெசமாவே பயமா இருக்கு. குடிச்ச காலத்துல கூட அவ போகல நானா. குடிக்காத காலத்துல போனா நான் என்ன செய்ய?...

அதத்தான் நானும் கேக்கப் போனேன். நீங்க அவகிட்டப் பேசணும். ஒரு சொட்டு வாயில வைக்காத மனுசன் நீங்க, ஒங்க வாக்க நம்புவா... டின்னா? அதையும் எடுக்கணும். ஆனா நான் எப்புடி எடுப்பேன்? தவறணைக்குள்ள காலு வச்சாச் சத்தியம் போச்சு, வைக்கலேன்னா ஓடைப்பக்கத் துண்டு போச்சு...

கன்னு உசுரோட இருக்கா?... நிஸாம் நேத்துப் பாத்தானா... செழிப்பா இருக்கா?... ஆமா, அடுப்புச் சூடு இருக்கு. ரோட்டுப் பக்கம் பெரிய கண்ணாடிச் சன்னலும் இருக்கு... அட, தொரை சொன்ன கண்ணாடி வீடு இந்த மலையில அது ஒண்ணுதான் நானா. நாமதான் கவனிக்காம விட்டுட்டோம்...

நில்லுங்க. வெளிய என்னமோ சத்தம்... பொம்பளைங்க சத்தம்... சன்னல்ல பாக்குறேன், வச்சுராதீங்க...

நானா.

பெரியாயி வர்றா. ரோட்டு வழியா ஏறி வர்றா. தோள்ல மம்பட்டி... தலையில டின்னு... ரெங்கம்மா தலையிலயும் டின்னு... கொழுந்தெடுக்கப் போன பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாங்க, பின்னால எல்லார் தலையிலயும் டின்னு. ஒடைக்கத்தான் போயிருக்கா நானா, மம்பட்டியத் தூக்கிக்கிட்டு அத்தன டின்னையும் ஒடைக்கப் போயிருக்கா. பெஞ்சுக்குக் கீழ குனிஞ்சு பாத்திருக்கா...

தெரியுது, இங்க இருந்தே தெரியுது. பச்சைப் பசேல்னு ஆடுது...

இல்ல, அழல. சளி புடிச்சிருக்கு...

வாசல்லயே வந்து நிக்கிறா. என்னத்தான் பாக்குறா... இன்னும் பேசல... நில்லுங்க, என்னமோ சொல்றா...

"தலை வலிக்குது, வந்து எறக்கி வைக்க மாட்டீங்களா"ங்கிறா.

வைக்கிறேன் நானா.