மூணாவது குரல்

அமுதவள்ளி: ஐயோ, அணைங்க! அணைங்க! கீய்ய்ங்னு என்ன சத்தம்... காதே போச்சு!

சங்கர்ராம்: நான் ஒண்ணும் பண்ணல வள்ளி. அதுவா கத்துச்சு.

அமுதவள்ளி: மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒண்ணா திறந்து வச்சா கத்தாம? ஹெட்போனை மாட்டுங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?

சங்கர்ராம்: கானமேளா கச்சேரியில பதினஞ்சு வருஷமா மைக் பிடிக்கிறவன் நான். கல்யாணமாகி இந்த மட்டாஞ்சேரிக்கு வந்தப்போ, மைக்குல எந்தப் பக்கம் பேசணும்னே உனக்குத் தெரியாது.

அமுதவள்ளி: இப்ப தெரியும்ல? அந்த ஜன்னலைச் சாத்துங்க. போன வாரம் பாட்டு நடுவுல மீன்காரர் "மத்தி... மத்தியே"ன்னு வந்து விழுந்துட்டாரு. பிஜு சேட்டன் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

சங்கர்ராம்: பிஜு சேட்டன்... பிஜு சேட்டன்...

அமுதவள்ளி: தோப்பும்படி ஸ்டுடியோவுக்கு ஆள் எடுக்கிறது அவருதானே? நானே பதிவு பண்ணிச் சேர்த்த பாட்டு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அவர் கைக்குப் போகணும். பிடிச்சிருந்தா திங்கள்கிழமையிலேர்ந்து ஸ்டுடியோ வேலை. இப்ப பாக்குற இஞ்சி கோடவுன் வேலைக்கு ஒரு கும்பிடு.

சங்கர்ராம்: லேப்டாப் வாங்கினது நான். சாஃப்ட்வேர் போட்டது நான்.

அமுதவள்ளி: கத்துக்கிட்டது நான்.

சங்கர்ராம்: எனக்கு நேரமில்ல, அதான்...

அமுதவள்ளி: ஆமாமா. "என்னடி, கரண்ட் ஆபீஸ் மாதிரி இத்தனை பட்டன்"னு மூணாம் நாளே மூடி வச்சது நேரமில்லாமத்தான்.

சங்கர்ராம்: ...சாயா போடட்டா?

அமுதவள்ளி: நீங்களா? சாயாவா? இருங்க, இருங்க... என் நாலு குரல்ல ஒண்ணக் காணோம்.

சங்கர்ராம்: எந்தா? நாலு குரலா?

அமுதவள்ளி: ஒரே வரியை நாலு தடவை பாடி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சேன், கூட்டமாப் பாடுற மாதிரி. மூணாவதுதான் உயிரு. அதைத்தான் காணோம்.

சங்கர்ராம்: நேத்து கரண்ட் போச்சுல்ல...

அமுதவள்ளி: லேப்டாப்புல பேட்டரி இருக்கு.

சங்கர்ராம்: அப்ப பல்லி ஓடியிருக்கும்.

அமுதவள்ளி: ஓடுற ஓட்டத்துல குரலை அழிச்சு, "சேவ் பண்ணட்டுமா"ன்னு கேட்டதுக்கு ஆமான்னு அமுக்கி, மூடியும் வச்சுட்டுப் போச்சா?

சங்கர்ராம்: ...மட்டாஞ்சேரி பல்லி. விவரமானது.

அமுதவள்ளி: சிரிப்பு வரல.

சங்கர்ராம்: ஷெரி விடு, திரும்பப் பாடு. நாலு தடவை பாடினவளுக்கு இன்னொரு தடவை கஷ்டமா?

அமுதவள்ளி: பாடுறேன். அந்தச் சிவப்பு வட்டத்தை அமுக்குங்க.

சங்கர்ராம்: இதா? இது... பாட்டைக் கேக்குறதுக்கு இல்லையா?

அமுதவள்ளி: கேக்குறதுக்கு முக்கோணம். சிவப்பு எரிஞ்சா, மைக்குல விழுறது அத்தனையும் பதிவாகும்.

சங்கர்ராம்: அத்தனையுமா?... திட்டினாக்கூடவா?

அமுதவள்ளி: யாரைத் திட்டினா?

சங்கர்ராம்: சும்மா... கேட்டேன்.

அமுதவள்ளி: நேத்து காலைல நான் கோடவுனுக்குப் போனப்புறம் பதினோரு நிமிஷம் பதிவாகியிருக்கு. "மூணே வாரத்துல இவளுக்கு எல்லாம் வருது, எனக்கு மட்டும்..."

சங்கர்ராம்: வள்ளி... வேண்டாம்.

அமுதவள்ளி: அதுக்கப்புறம் என் வரியை ஆறு தடவை பாடியிருக்கீங்க.

சங்கர்ராம்: நான்தான் அழிச்சேன். போதுமா? ஒரே ஒரு வரி பாட விடுன்னு ரெண்டு வருஷம் பிஜு பின்னால நடந்தேன். "பின்னே நோக்காம், பின்னே நோக்காம்"னு, அப்புறம் பாக்கலாம்னே ஓட்டிட்டான். நீ என் ரூமுல, என் நாற்காலியில உக்காந்து... வயிறு எரிஞ்சுது டீ. மணி நாலாகுது. பாடு, நான் வெளியில நிக்கிறேன்.

அமுதவள்ளி: வேண்டாம். பாட்டை நேத்து சாயங்காலமே அனுப்பிட்டேன்.

சங்கர்ராம்: அனுப்பிட்டியா! அப்ப இவ்வளவு நேரம் என்னை...

அமுதவள்ளி: உங்க வாயாலேயே வரட்டும்னுதான்.

சங்கர்ராம்: மூணாவது குரல் இல்லாமயா அனுப்பின?

அமுதவள்ளி: அந்த இடத்துல நீங்க ஆறாவது தடவை பாடினதை வச்சேன்.

சங்கர்ராம்: என்னோடதையா? ஏன்?

அமுதவள்ளி: ...பொருந்திச்சு.

சங்கர்ராம்: பிஜு கேட்டானா? என்ன சொன்னான்?

அமுதவள்ளி: காலைல கூப்பிட்டாரு. வேலை எனக்குத்தான்.

சங்கர்ராம்: அது இல்ல டீ... என் குரலைப் பத்தி?

அமுதவள்ளி: அந்த ஆம்பளைக் குரல் யாரு, உடனே பாட வரச் சொல்லுன்னு மூணு தடவை கேட்டாரு... ஜன்னல் வழியா விழுந்த மீன்காரர் குரல்னு சொல்லிட்டேன்.