டேப் உரிக்கிற நேரம்

சத்தியமா சொல்றேன் சார், இனிமே நான் சொல்லப் போறதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்னுதான் சத்தமா சொல்றேன். அவங்க என்னைப் புளுகன்னுதான் சொல்லுவாங்க. நான் செஞ்ச சரக்குக் கப்பலைப் பாத்துட்டு, உள்ள என்ன ஏத்தியிருக்கேன்னு கேட்டு சுங்க அதிகாரி ஒருத்தர் வாசல்ல வந்து நின்னதா ஒரு காலத்துல சொல்லிட்டுத் திரிஞ்சேன். யாரும் வரல. அந்தக் கப்பலே ஒரு முழம்தான். இது அப்படி இல்ல.

உக்காருங்க. அந்த நாற்காலியில வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

மாதிரிக் கப்பல் போட்டிக்கு வந்ததுல என் கப்பலுக்குத்தான் முதல் பரிசுன்னு நடுவருங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க. அதுக்குள்ள எவனோ புகார் எழுதிப் போட்டுட்டான். தண்ணி மட்டத்துக்குக் கப்பலைச் சுத்தி ஓடுற வெள்ளைக் கோடு பெயின்ட்டே இல்ல, கடையில வாங்கி ஒட்டின ஸ்டிக்கர்னு. அதானே? நகத்தால தடவிப் பாத்தீங்களா? ஓரம் தட்டுப்படாது, மேல வார்னிஷ் இருக்கு. அது என் மக அடிச்சது. கப்பலை அனுப்பினதும் அவதான். என்னைக் கேக்கவே இல்ல.

பெயின்ட்தான் சார். எப்படிப் போட்டோம்னு சொல்றேன்.

டேப் ஒட்டுறது என் வீட்டுக்காரி வேலை. பெயின்ட் அடிக்கிறது நான். டேப் சுருளோட ஓரம் தூசி பிடிச்சு பல்லு பல்லா இருக்கும், அதை நம்பக்கூடாது. கண்ணாடி மேல ஒட்டி, பிளேடு வெச்சு புது ஓரம் வெட்டிக்குவா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல ஒரு அரிசி அகலத்துக்கு இடைவெளி, அதுதான் கோடு. நான் பேசிட்டே இருப்பேனா, நீங்க ஒரு புளுகு விட்டா என் கை ஒரு நூல் கோணுதுன்னு சொல்லி வெளிய அனுப்பிடுவா. நான் வராண்டாவுல நின்னு தனியாப் புளுகிட்டு இருப்பேன்.

அப்புறம் நான். எடுத்ததும் வெள்ளை அடிக்கக்கூடாது. கப்பல் சாம்பல் கலரா, முதல்ல அதே சாம்பலை டேப் ஓரத்துல லேசா அடிக்கணும். சந்துல கசியறது சாம்பலாவே கசிஞ்சு ஓட்டையை அடைச்சுடும். அதுக்கு மேலதான் வெள்ளை. வெள்ளை அடிச்சு முடிச்சா பத்து நிமிஷத்துல டேப்பை உரிச்சாகணும், அவ்வளவுதான். முன்னாடி உரிச்சா வழியும், விட்டுட்டா காஞ்சு டேப்போட பேந்து வரும். ஆரம்பிச்சா நிறுத்தவும் கூடாது. நிறுத்துன இடத்துல ஒரு தழும்பு விழும்.

என்னது? ஆமா, எங்கயும் தழும்பு இல்ல. லென்ஸ் வெச்சுத் தேடினாலும் கிடைக்காது.

கிட்ட வாங்க, இது பக்கத்து வீட்டுக்குக் கேக்க வேணாம். கோடு போட்ட அன்னைக்குக் காலையில பத்தரை மணி. மேல் டேப் பாதி உரிச்சிருக்கேன். அடுப்படியில பாத்திரம் விழுந்துச்சு. அப்புறம் இன்னும் கனமா ஒரு சத்தம். ஏங்கன்னு கூப்பிட்டா. ஒரு தடவைதான். இரு வர்றேன்னேன். உரிச்சுட்டே இருந்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்னு நினைக்கிறேன். தெரியல. மேல் டேப் முடிச்சேன். கீழ் டேப்பும் முடிச்சேன். கோடு நல்லா வந்திருந்துச்சு. காட்டலாம்னு கப்பலை ரெண்டு கையிலயும் ஏந்திட்டுப் போனேன்.

தரையில கிடந்தா. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. கப்பலை எங்க வெக்கிறதுன்னு கொஞ்ச நேரம் இடம் தேடினேன் சார், ஈரம் இல்லையா.

வேணாம், தண்ணி எல்லாம் வேணாம். நீங்க குடிங்க.

டாக்டர் எப்ப விழுந்தாங்கன்னு கேட்டாரு. தெரியாது, பெயின்ட்ல கலக்குற தின்னர் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்னு சொன்னேன். மகளுக்கும் அதையே சொன்னேன். அவ போயி ரெண்டு வருஷமாச்சு. அன்னைக்குக் காலையில, நான் சேதி சொல்றதுக்கு அரை மணி முன்னாடிதான், மக அவ அம்மாகிட்ட ஃபோன்ல பேசியிருக்கா. டேப் ஒட்டி முடிச்சாச்சு, அப்பா உள்ள வெள்ளை அடிச்சுட்டு இருக்காருன்னு என் வீட்டுக்காரி சொல்லியிருக்கா. அதனாலதான் மக கப்பலை அனுப்பினா. அம்மா ஒட்டின கடைசி டேப்பாம், சான்றிதழ்ல ரெண்டு பேர் பேரும் போடணுமாம்.

பரிசு வாங்குறவன் மேடையில நின்னு கோடு எப்படிப் போட்டேன்னு விளக்கணும்னு உங்க விதியில இருக்குல்ல? அவ முன் வரிசையில இருப்பா. இந்தப் பத்து நிமிஷக் கணக்கு அவளுக்குத் தெரியாது. நான் சொல்லலன்னாலும் கூட்டத்துல எவனாவது எந்திரிச்சு, எத்தனை நிமிஷத்துல உரிச்சீங்கன்னு கேப்பான். வெள்ளை ஈரமா இருக்கிறப்ப எவன் கடைக்குப் போவான்னு அவளுக்குத் தோணிடும்.

அதனால எழுதிக்கோங்க. ஸ்டிக்கர்தான்னு எழுதிக்கோங்க. இருக்கட்டும் சார், பொய்ன்னு தெரிஞ்சே எழுதுங்க. ரெண்டாவதா வந்தவருக்குப் பரிசைக் குடுங்க. புகார் எழுதினது அவர்தான்னாலும் பரவாயில்ல. மக ஒரு மாசம் பேச மாட்டா. அம்மா பேரைக் கெடுத்துட்டியேன்னு சொல்லுவா. சொல்லட்டும், அப்பன் புளுகன்னு அவளுக்குப் பழகினதுதான்.

அவ உங்ககிட்ட வந்து கேப்பா, விட மாட்டா. நீங்களே பாத்துக் கண்டுபிடிச்சதாச் சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்.