கடைசிப் பாரி

கும்மியடிச்சுக் களைச்சவுக எல்லாம் அப்படியே உக்காருங்கத்தா. புதுசா வாக்கப்பட்டு வந்த பிள்ளைக கிட்ட வாங்க. பாரிய வெளிய எடுக்கிறதுக்கு முன்னால இந்தக் கதையச் சொல்லியாகணும், அப்படி ஒரு வழக்கம் இந்த ஊர்ல. பெருமையான கதைன்னு நெனச்சிராதீக. கேட்டு முடிச்சா பக்கத்துல இருக்கவ மூஞ்சியப் பாக்கக் கூசும்.

வெகு காலத்துக்கு முந்தி, நம்ம கண்மாய்க்கு மதகு கட்டாத காலத்துல, இதே சாத்தனேரியில காத்தாயி காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். பாரி வீட்டுக்காரி. தெரியாதவுகளுக்குச் சொல்றேன். செல்லி ஆத்தா திருவிழாவுக்குப் பொம்பளைக தலையில தூக்கிட்டுப் போற முளைப்பாரி அத்தனையும் ஒரே வீட்டுல, இருட்டறையில வளரும். மண்சட்டியில எருவும் வைக்கோலும் போட்டு, ஊறவச்ச பயறு, மொச்சை எல்லாம் தூவி, காலையும் அந்தியும் தண்ணி தெளிச்சு, விரதம் இருந்து ஒருத்தி வளப்பா. எடுக்கிற நாள் வரைக்கும் ஆம்பள நெழலு அந்த வாசல்ல விழக்கூடாது. வீட்டுக்குத் தூரமான பொம்பளையும் நுழையக்கூடாது. பாரி நெட்டமா வளந்தா ஊருக்கு மழை. அழுகிப் போச்சுன்னா வளத்தவ மேல ஊரே பாயும். வெள்ளாமை போனதுக்கும் அவதான் காரணம், மாடு செத்ததுக்கும் அவதான் காரணம். பொம்பளைக்குக் குடுத்த மரியாதை எப்படிப்பட்ட மரியாதைன்னு பாத்துக்கங்க.

காத்தாயிக்கு ஒரு கூடப்பொறப்பு. பொறக்கையில ஆம்பளப் பிள்ளைன்னு சொல்லி முத்திருளன்னு பேரு வச்சாக. அந்தப் பிள்ளை நடக்கப் பழகுன நாள்ல இருந்து அக்கா முந்தானையத்தான் பிடிச்சுக்கிட்டு நடந்துச்சாம். மஞ்சளை எடுத்து மூஞ்சியில பூசும். தலையில பூ வைக்கும். அப்பன் அடிச்சான், கட்டிப்போட்டான், சூடு வச்சான். சூடு ஆறுனதும் மறுபடி மஞ்சள் பூசிக்கிட்டு வந்து நின்னுச்சாம். "எம் பேரு முத்திருளாயி"ன்னுச்சாம். ஊர்க்காரக அவளை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாகன்னு நான் சொல்லமாட்டேன். இந்த வாசல்ல அந்தப் பேச்சு வேண்டாம். அத்தனையும் நம்ம பாட்டன் பூட்டன் வாயில வந்ததுதான்.

அப்பன் வெரட்டிவிட்டதும் காத்தாயி தன் வீட்டுல சேத்துக்கிட்டா. அவ புருசன் வீரபுத்திரன் மொணமொணத்தான். "மாட்டுக்கொட்டாய்ல கெடக்கட்டும், வீட்டுக்குள்ள படுக்கக்கூடாது"ன்னுட்டான். காத்தாயிக்குத் தங்கச்சி மேல உசுரு, அதுல பொய்யில்ல. தலை சீவி விடுவா. "தங்கச்சி, சாப்பிட வாத்தா"ம்பா. ஆனா வாசப்படி தாண்டிட்டா "எங்க தம்பி"ம்பா. உள்ள தங்கச்சி, வெளிய தம்பி. முத்திருளாயி அதையும் பொறுத்துக்கிட்டா. "அக்கா, எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு வருசம் நானும் பாரி தூக்கணும். வரிசையில கடைசியா நின்னாப் போதும்"பாளாம். "பாப்போம், பாப்போம்"னு காத்தாயி தள்ளிவிடுவாளாம்.

அப்படியிருக்க, ஒரு வருசம் மழையே இல்ல. கண்மாய் வெடிச்சுக் கெடக்கு. மாட்டுக்குத் தண்ணி இல்ல, மனுசருக்குக் கஞ்சி இல்ல. ஊரே பாரிய நம்பிக்கிட்டு இருக்கு. காத்தாயி செவ்வாக்கெழமை வித்து தூவிட்டா. ஆம்பளைக காப்புக் கட்டிக்கிட்டுக் கோயில்லயே தங்கிட்டாக. வித்து வெடிச்சு மொளை தலைகாட்டுது. அந்த நேரம் பாத்து, நாளில்லாத நாள்ல, காத்தாயிக்குத் தூரமாயிருச்சு.

ஆத்தாடி! என்ன செய்வா? வெளிய சொன்னா அத்தனை பாரியவும் குப்பையில கொட்டிருவாக. திருவிழா நின்னுபோகும். மழை வராததுக்கு அவ வயித்தைக் கைகாட்டுவாக. பாரி வீட்டு உரிமை பங்காளி வீட்டுக்குப் போயிரும், புருசன் சும்மா விடமாட்டான். சாமியும் பொம்பளைதானே, அவளுக்குத் தெரியாததான்னு ஒருத்தி கேட்டிருக்கணும். அந்தக் காலத்துல யாரு கேட்டா? இந்தக் காலத்துல மட்டும் யாரு கேக்குறீக?

காத்தாயி மாட்டுக்கொட்டாய்ல போயி உக்காந்து அழுதா. முத்திருளாயி வந்து அவ மோவாயத் தொட்டு நிமித்துனாளாம்.

"எதுக்குக்கா அழுகுற? எனக்குத்தான் அந்தத் தொந்தரவு இல்லையே. நான் உள்ள போயித் தண்ணி தெளிக்கிறேன். நீ இங்க என் இடத்துல இரு."

"நீ எப்படித்தா அங்க..."

"ஏன்? நான் யாருக்கா? ஆம்பளையா?"

காத்தாயி யோசிக்கவே இல்லையாம். "இல்லத்தா. நீ என் தங்கச்சி"ன்னா.

"அப்பச் சரி. ஆனா எடுக்கிற அன்னைக்கு எனக்கு ஒரு பாரி."

"தாரேன்த்தா. செல்லி ஆத்தா மேல சத்தியமாத் தாரேன்"னாளாம்.

அன்னையில இருந்து அக்கா சேலையக் கட்டி, முக்காடு போட்டுக்கிட்டு, முத்திருளாயி உள்ள போனா. தண்ணியக் கையில அள்ளி, மொளை நோகாம விரல் இடுக்குல விட்டுத் தெளிப்பாளாம். அந்தியில பொம்பளைக வாசல்ல கும்மியடிச்சுக் குலவை போடுவாக. உள்ள இருந்தும் குலவை வரும். யாருக்கும் ஒரு சந்தேகம் இல்ல. தூரம் கழிஞ்சு தலைமுழுகுன பிறகும் காத்தாயி உள்ள போகலையாம். "நீ தொட்டது நல்லா வருது, நீயே முடி"ன்னுட்டாளாம். பாருங்க, அவ கெட்டவ இல்ல. அதுதான் வயித்தெரிச்சல்.

எடுக்கிற நாளு வந்துச்சு. கதவைத் தொறந்தா, பாரி ஒவ்வொண்ணும் முழங்கை உசரம். சந்தன நெறத்துல அடர்ந்து நிக்குது. ஊருக்குத் தீர்ப்புச் சொல்ற அம்பலகாரரைப் பெத்தவ, கண்ணு மங்கிப்போனவ, தடவிப் பாத்துட்டு, "என் ஆயுசுல இப்படி ஒரு பாரியத் தொட்டதில்லடி காத்தாயி"ன்னாளாம். காத்தாயி சிரிச்சா. மேளம் கொட்டுது, பொம்பளைக ஒவ்வொருத்தியாத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கிறாக. எல்லாருக்கும் கடைசியா, குளிச்சு முழுகி, மஞ்சச் சேலை கட்டி, முத்திருளாயி ஒரு பாரியத் தூக்கித் தலையில வச்சா.

"ஏய்! ஆம்பள பாரியத் தொட்டுட்டான்டா!"

எவனோ கத்துனான். மேளம் நின்னுச்சு. குலவை நின்னுச்சு. அம்பலகாரர் வந்துட்டாரு, கூட்டம் கூடிப்போச்சு. பாரி அறைய எட்டிக்கூடப் பாக்கக்கூடாத ஆம்பளைக, அதுக்குள்ள என்ன நடக்கணும் நடக்கக்கூடாதுன்னு பேசுறாக. அதுக்கு அவுகளுக்கு உரிமை உண்டாம். பொம்பளைக சுவரோரமா ஒதுங்கிட்டாக. அதுவும் வழக்கம்தான்.

"கீழ வைடா"ன்னாரு அம்பலகாரர்.

"ஐயா, நான் இன்னைக்குத்தான் தொட்டேன்னு நெனைக்காதீக. மொளை விட்ட நாள்ல இருந்து தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இம்புட்டுப் பாரியும் நான் வளத்தது. அக்காவைக் கேளுங்க"ன்னா முத்திருளாயி. அவ மொகத்துல துளி பயம் இல்லையாம். அதான் அக்கா இருக்காளே.

வீரபுத்திரன் பாஞ்சு வந்தான். "ஐயா, எம் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்லங்க, அவ..."

"நீ இருப்பா. வளத்தவ அவ, அவளே சொல்லட்டும். காத்தாயி, முன்னால வா."

இந்த இடத்தை நல்லாக் கேளுங்கத்தா. அதுவரைக்கும் இந்த ஊர்க் கூட்டத்துல ஒரு பொம்பளை வாயத் தொறந்ததில்ல. அவ வழக்கையும் புருசன்தான் பேசுவான். புருசன் செத்துட்டா மகன் பேசுவான். அன்னைக்குத்தான் மொதமொதல்ல ஒருத்தியப் பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கேக்குறாக. சுவரோரமா நின்ன பொம்பளைக எல்லாம் நிமிந்தாகளாம். ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுக்கிட்டாகளாம்.

காத்தாயி முன்னால வந்தா. "என் தங்கச்சிதான் வளத்தா"ன்னு சொன்னாப் போதும். ஆனா அதைச் சொன்னா, "ஏன், நீ எங்க போன?"ம்பாக. அத்தனை ஆம்பளைக முன்னாலயும் தூரத்தைச் சொல்லணும். புருசன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான். தங்கச்சியத் திரும்பிப் பாத்தா. அவ தலையில பாரியோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் வளத்தேன். எந் தம்பி... தம்பி பொய் சொல்லுதுங்க"ன்னு முனங்குனாளாம்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி உரக்கச் சொல்லு"ன்னாரு அம்பலகாரர்.

"தம்பி பொய் சொல்லுது!"ன்னு உரக்கச் சொன்னா.

மொதமொதல்ல ஒரு பொம்பளைய இந்த ஊரு பேசச் சொல்லிக் கேட்டுச்சு. அவ வாயில வந்தது இது. ஒவ்வொரு வருசமும் சொல்றேன், இந்த இடம் வந்தா என் நாக்கு இன்னமும் ஒட்டிக்கிருது.

முத்திருளாயி அழுகலையாம். சிரிச்ச வாய் அப்படியே கொஞ்ச நேரம் நின்னு, பிறகு மூடிக்கிருச்சு. தலையில இருந்த பாரிய ஒரு மொளை சாயாம இறக்கி, வாசல் ஓரத்துல கெடந்த தட்டைக்கல்லு மேல வச்சா. "ஆமாங்கய்யா, பொய்தான். அக்காதான் வளத்துச்சு. நான் தொட்டது இந்த ஒண்ணைத்தான். இதை விட்டுட்டு மத்ததை எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னா. அக்காளைக் காப்பாத்திட்டா. பிறகு காத்தாயி பக்கம் திரும்பி, "அந்தியில இதுக்குத் தண்ணி தெளிச்சு விடுக்கா, வாடிரும்"னாளாம்.

அவ்வளவுதான். கெழக்க பாத்து நடந்துட்டா. எவனோ சாணிய எடுத்து எறிஞ்சான். மஞ்சச் சேலையில பட்டுச்சு. அவ திரும்பலை. ஆம்பளைகளை மட்டும் சொல்லக்கூடாது, பொம்பளைக நாமளும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் நின்னோம். மேளம் மறுபடி கொட்டுச்சு. காத்தாயி மொதப் பாரியத் தூக்கிக்கிட்டு நடந்தா.

கோயில்ல அவளுக்குத்தான் மாலை போட்டாக. பாரிய வெடிச்சுக் கெடந்த கண்மாயிலயே இறக்கி வச்ச கையோட மழை பிடிச்சுக்கிருச்சாம். பெஞ்சுது பெஞ்சுது, கண்மாய் ததும்புற அளவுக்குப் பெஞ்சுது. கம்பு ஆள் உசரம் வெளஞ்சுது. ஊரே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அவ மட்டும், மாலை விழுந்த கழுத்தைச் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிக்கிட்டாளாம். தண்ணிப் பானைக்குள்ள குனிஞ்சு பாக்கமாட்டாளாம், அவ மொகம் அவளுக்கே தெரியுமேன்னு. கல்லு மேல இருந்த பாரிக்கு அன்னைக்கு அந்தியில தண்ணி தெளிச்சாளான்னு கேக்குறீகளா? தெளிக்கலை. மாலையப் போட்டுக்கிட்டு விருந்துல உக்காந்திருந்தா.

மறுவருசம் வந்துச்சு. எடுக்கிற அன்னைக்கு அம்பலகாரர் ஊரோட வந்து வாசல்ல நின்னு, "காத்தாயி, பாரி எப்படி இருக்கு?"ன்னாரு. அவ வெளிய வந்து அந்தத் தட்டைக்கல்லு பக்கத்துல நின்னா.

"ஐயா, போன வருசம் கேட்டீகளே, அதையே இப்பவும் கேளுங்க. யாரு வளத்தான்னு கேளுங்க."

"என்னடி பேச்சு இது?" வீரபுத்திரன் அவ கையப் பிடிச்சு இழுத்தான். உதறிட்டா.

"அப்ப எனக்குத் தூரமாயிருந்துச்சு. உள்ள போயித் தண்ணி தெளிச்சது என் தங்கச்சி முத்திருளாயி. அவ வளத்த பாரிக்குத்தான் மழை பெஞ்சுது. நீங்க தின்ன கம்பு அவ கம்பு. எந் தங்கச்சிய நான் தம்பின்னு சொல்லித் தொரத்திவிட்டேன். உரக்கச் சொல்லச் சொன்னீக, சொன்னேன். இப்பவும் உரக்கத்தான் சொல்றேன்."

ரெண்டு மூணு பேரு கத்துனாகளாம், தீட்டு தீட்டுன்னு. அம்பலகாரரைப் பெத்தவ கைய நீட்டி அடக்குனா. "கத்தாதீகடா. வயிறு முட்டத் தின்னுட்டு ஏப்பம் விட்டீகளே, அப்பத் தெரியலையா தீட்டு?" அதுக்குப் பிறகு எவனும் நிமிரலை. அம்பலகாரர், யாருக்கும் இறக்காத துண்டை இறக்கி இடுப்புல கட்டுனாராம். "நகத்துல எருவு ஒட்டியிருந்துச்சே. எங் கண்ணு முன்னாலதானே நின்னுச்சு அந்தப் பிள்ளை. ஒரு வார்த்தை கேட்டனா?"ன்னாராம்.

தேடுனாக. சந்தை சந்தையாத் தேடுனாக, கோயில் கோயிலாத் தேடுனாக. ராமேசுவரத்துல பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான். போயிப் பாத்தா இல்ல. அவ திரும்பி வந்தான்னு கதையில சேத்துச் சொல்ல எனக்கும் ஆசைதான். வரலை. நாம அனுப்புன விதம் அப்படி.

அதனாலதான்த்தா இந்த ஊர்ல வருசா வருசம் ஒரு பாரி அதிகமா வளக்குறது. அந்தத் தட்டைக்கல்லு மேல வைப்போம். யாரும் தூக்கமாட்டோம். அந்தியில எல்லாரும் அதுக்குத் தண்ணி தெளிப்போம். எடுக்கிறதுக்கு முன்னால அம்பலகாரர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து, "யாரு வளத்தது?"ன்னு கேப்பாரு. நாம பதில் சொல்லணும்.

கொஞ்ச வருசத்துக்கு முன்னால ஊர் இளவட்டங்க மானாமதுரைப் பக்கமிருந்து ஒரு திருநங்கையக் கூட்டிட்டு வந்து, "கடைசிப் பாரிய நீங்க தூக்குங்க"ன்னாக. நல்ல காரியம் செய்யிறதா அவுகளுக்கு நெனப்பு. அந்தப் பிள்ளை ஷர்மிலி, கதைய முழுசாக் கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? "அது உங்க ஊரு வெக்கம். அதை எதுக்கு என் தலையில வைக்கிறீங்க? எனக்கு வரிசையில ஒரு பாரி குடுங்க, நடுவுல"ன்னா. அப்படியே குடுத்தோம். அந்தா, நம்ம செல்வி சேலைக்கு ஊக்கு குத்தி விடுறாளே, அவதான். அவ வரிசையில நின்னா இன்னமும் மொகஞ்சுளிக்கிறவுக இருக்காக. வருசா வருசம் இந்தக் கதையக் கேட்டுட்டும் சுளிக்கிறாக. தூரமானவ நுழையக்கூடாதுங்கிறதும் அப்படியேதான் இருக்கு. அதைக் கேக்க நமக்கும் இன்னும் வாய் வரலை.

சரி, எந்திரிங்க. மேளம் கிட்ட வந்துருச்சு. அம்பலகாரர் துண்டைக் கட்டிட்டாரு, இப்பக் கேப்பாரு. புதுப் பிள்ளைகளுக்கும் சேத்துத்தான் சொல்றேன், "எங்க தங்கச்சி வளத்தா"ன்னு சொல்லணும். வாயத் தொறந்து சொல்லுங்க. ஒருத்தியும் முனங்கக்கூடாது.