வள்ளிக்கண்ணு டீச்சரின் பிள்ளைகள் சிலேட்டை எடுக்கவில்லை

தலைமை தாங்கும் நம் தலைமையாசிரியர் ரெங்கராஜ் அவர்களே! நகராட்சி உறுப்பினர் ஹபீபுல்லா அவர்களே! சக ஆசிரியர்களே! கடையை அடைத்துவிட்டும் வயல் வேலையைப் போட்டுவிட்டும் வந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே! முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவுப் பிள்ளைகளே! எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் டோரதி. ஒன்றாம் வகுப்பு பி பிரிவு. பாலக்கரையிலிருந்து தினமும் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி இந்த ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவள். மறைந்த வள்ளிக்கண்ணு டீச்சர் ஏ பிரிவு. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. ஐம்பத்தாறாம் வருஷத்திலிருந்து அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பொறாமைப்பட்டேன்!

இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். புகழ்ந்து பேச மேடை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். வயிறு எரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு மனுஷியின் அருமை, பக்கத்தில் உட்கார்ந்து வயிறு எரிந்தவளுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

நான் செகண்டரி கிரேடு. அவர் ஹையர் கிரேடு, என்னைவிட ஒரு படி கீழே. என் கரும்பலகை எழுத்தைப் பார்த்து, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். அவர் எழுத்தோ, கோழி நடந்த மாதிரி இருக்கும். இருந்தும் விஜயதசமியன்று என்ன நடக்கும்? தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்ட பிள்ளைகளை எல்லாம் இழுத்துக்கொண்டு பெற்றோர்கள் அவர் மேஜை முன்னால் போய் நிற்பார்கள். என் மேஜை முன்னால் காற்றுதான் நிற்கும்!

அதோ, தூண் ஓரத்தில் நிற்கிற வாழைக்காய் வியாபாரி பிச்சமுத்து அண்ணனைக் கேளுங்கள். அவர் மகளை பி பிரிவில் எழுதினேன். “கோச்சுக்காதீங்க டீச்சர், அந்த டீச்சர் கிளாஸ்ல மாத்திப் போடுங்க” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “ஏன், நான் சொல்லிக்கொடுத்தா உங்க பிள்ளைக்குப் படிப்பு வராதா?” என்று கேட்டேன். “அது இல்லீங்க. உங்க கிளாஸ்ல போட்டா பிள்ளை படிக்கும். அவங்க கிளாஸ்ல போட்டா பிள்ளை பள்ளிக்கூடம் வரும்” என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி என்னதான் செய்தார் வள்ளிக்கண்ணு டீச்சர்? காலையில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைப்பார். “யாரு வரல?” என்று கேட்பார். பக்கத்துப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். ஒருத்தர் வரவில்லை என்றாலும் சிலேட்டை எடுக்கக் கூடாது. மொத்த வகுப்பும் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகும். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும். காய்ச்சல் என்றால், “படுத்துக்க, நாளைக்கு வா” என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பும். அதற்குப் பிறகுதான் பாடம். இதெல்லாம் ஒரு முறையா? எந்த டிரெயினிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்கள்?

மஜீதா என்று ஒரு பிள்ளை. தம்பி பிறந்திருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வகுப்பு போய்க் கூப்பிட்டது. மஜீதா வந்தாள், தம்பியோடு! வகுப்பு உத்தரத்தில் தூளி கட்டிவிட்டார் டீச்சர். ஒரு பிள்ளை ஆட்ட, மற்றப் பிள்ளைகள் அ, ஆ சொன்னார்கள். அந்தக் குழந்தை வீறிடும்போதெல்லாம் தட்டிக்கு இந்தப் பக்கம் என் கணக்குப் பாடம் கெட்டது. நேரே தலைமையாசிரியரிடம் போய்ப் புகார் சொன்னேன். சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஐயா வந்தார், பார்த்தார். கண்டிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தால், தூளியை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்! ஐயா சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

சரி, நம்மால் முடியாதா என்று நானும் ஒரு நாள் கிளம்பினேன். வீரமலை என்ற பையன் வரவில்லை. என் வகுப்பை வரிசையாக நிறுத்தி, வாயைப் பொத்தச் சொல்லி, கூட்டிக்கொண்டு போனேன். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் கும்பிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். “டீச்சர், அடிச்சிராதீங்க டீச்சர், நாளைக்கு நானே கொண்டாந்து விட்டுர்றேன்!” பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வந்தபோது வள்ளிக்கண்ணு டீச்சர் என் கையைப் பார்த்தார். வகுப்பில் பிடித்த ரூல்தடியைக் கீழே வைக்காமல் தெருவெல்லாம் கொண்டு போயிருக்கிறேன்! “அடுத்த தடவ கையை வீசிக்கிட்டுப் போங்க டீச்சர்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாரடைப்பில் போனார். சாயங்காலமே கொள்ளிடக் கரையில் எல்லாம் முடிந்துவிட்டது. திங்கள்கிழமை காலையில்தான் நமக்குச் செய்தி வந்தது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, விடுமுறை விடுவதா என்று நாம் ஆபீஸ் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஏ பிரிவு என்ன செய்தது? வட்டமாக உட்கார்ந்தது. “யாரு வரல?” என்று அதுவே கேட்டுக்கொண்டது. “டீச்சர் வரல” என்று அதுவே பதிலும் சொன்னது. கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது!

நான் பின்னாலேயே ஓடினேன். மூலத்தோப்பில் அவர் வீட்டு வாசலில் நின்று கத்துகிறார்கள். “டீச்சர்! பள்ளிக்கூடம் வாங்க டீச்சர்!” அவர் கணவர் வெளியே வந்தார். பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நான்தான் சொன்னேன். “டீச்சர் இறந்து போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க.” சபையோரே, அந்த வாசலிலும் எனக்குப் பொறாமை வந்தது. ஒரு நாள் நான் வராவிட்டால், என்னைத் தேடிக்கொண்டு பாலத்தைத் தாண்டி எந்தப் பிள்ளை வரும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் அழுதேன்.

மறுநாளிலிருந்து இரண்டு வகுப்பும் என் பொறுப்பு. கரும்பலகையில் என் அழகான கையெழுத்தில் ‘அம்மா’, ‘ஆடு’ எழுதினேன். பி பிரிவு எழுதியது. ஏ பிரிவில் ஒரு பிள்ளைகூடச் சிலேட்டை எடுக்கவில்லை! மிரட்டினேன். மிட்டாய் வாங்கிக்கொடுத்தேன். மிட்டாயைத் தின்றுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மாசி என்ற பையன்தான் எழுந்து சொன்னான். “இன்னும் எல்லாரும் வரல டீச்சர்.” செத்த பிறகும் என்னை ஜெயிக்கிறாரே இந்த மனுஷி!

இப்படியே ஒரு வாரம் போனது. நேற்று அதே ஏ பிரிவில் ரஷீதா என்ற பிள்ளையைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். “டீச்சர் வீட்டுக்குத்தான் போயிட்டு வந்தாச்சே, அப்புறம் என்னம்மா?”

“டீச்சர நாங்க பாக்கவே இல்லையே. அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லவும் இல்லையே.”

“பார்க்க முடியாத ஊருக்குப் போயிட்டா என்ன செய்யறது?”

அவள் என்னை ஏதோ ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல் பார்த்தாள். “எங்க கிளாஸ் கலீல் வரலன்னு அவன் வீட்டுக்குப் போனப்ப வீடு பூட்டியிருந்துச்சு. அவங்க பொன்மலைக்குக் குடி போயிட்டாங்க. டீச்சர் எங்கள அங்கயே நிக்க வச்சு, ‘கலீல், போயிட்டு வா’ன்னு சொல்லச் சொன்னாங்க. அவனுக்குக் கேக்குமான்னு கேட்டேன். எல்லாரும் சேந்து சத்தமா சொன்னா கேக்கும்னாங்க. சொல்லிட்டு வந்துதான் பாடம் எழுதுனோம்.”

அதனால்தான், சின்னப் பிள்ளைகள் இரங்கல் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தும் கேட்காமல், இவர்களைக் கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்திருக்கிறேன்.

வள்ளிக்கண்ணு டீச்சரைப் போல் நடத்துவேன் என்று இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. அவரைவிட நன்றாக நடத்தப் பார்ப்பேன்! பொறாமைக்காரி வேறு எப்படி உறுதிமொழி கொடுப்பாள்? நாளை முதல் வராத பிள்ளை வீட்டுக்கு இரண்டு பிரிவும் சேர்ந்து போகும், கூட நான் போவேன். நான் போய்ச் சேருகிற நாளில் என் வீட்டு வாசலிலும் ஒரு வகுப்பு வந்து நின்று கத்த வேண்டும். அந்த ஆசையில் உழைக்கப் போகிறேன். நான் ரிடையர் ஆக இன்னும் காலம் இருக்கிறது.

தலைமையாசிரியர் அவர்களே, கூட்ட முடிவில் ஒரு நிமிடம் மௌனம் என்று போட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் இருக்கட்டும். அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் ஒரு நிமிடம் சத்தம் போட அனுமதி கொடுங்கள்.

அம்மாசி, ரஷீதா, எல்லாரும் எந்திரிங்க. கையைப் பிடிச்சுக்கங்க. கொள்ளிடக் கரை வரைக்கும் கேக்கணும். சொல்லுங்க, “போயிட்டு வாங்க டீச்சர்!”

பத்தல. இன்னும் சத்தமா.