ஸ்கேனர் கேட்கும், பேசாது

ஒரு ஸ்கேனரையும் ஒரு லேப்டாப்பையும் ஒரே கேபிளால் இணைப்பது பெரிய வித்தையில்லை, மேடம். பெட்டியின் மேலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். காகிதத்தைப் படம் எடுக்கும் ஸ்கேனரைச் சொல்லவில்லை. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், வாடகைக் கார் என்று காற்றில் போகிற வயர்லெஸ் பேச்சையெல்லாம் பிடித்துக் கொடுக்கும் ரேடியோ ஸ்கேனர். அதன் முதுகில் கேபிள் செருக ஓர் ஓட்டை, லேப்டாப்பின் விலாவில் ஓர் ஓட்டை. இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது என்று நானும் வெள்ளந்தியாக நம்பினேன். வெள்ளைத்தாளைக் கொடுத்து, முதலிலிருந்து எழுதுங்கள் என்றீர்கள். எனக்கு முதல் என்றால் அந்தக் கேபிள்தான்.

நான் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவன். நாள் முழுக்க இருட்டறையில் எதிரே உட்கார்ந்தவரிடம் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதே என் பிழைப்பு. ஒரு நேரத்தில் ஒரு வில்லையைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. இது எனக்கு ரத்தத்தில் ஊறிய ஒழுங்கு. நான் செய்த எல்லாமே இதிலிருந்து வந்தவைதான் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு ஒரே தம்பி, தீயணைப்பு வீரன். தாய் இல்லாத பிள்ளையை அவள்தான் தூக்கி வளர்த்தாள். அவன் வேலைக்குப் போகிற நாளெல்லாம் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பாள். நிலையத்துக்கே போன் போட்டுப் போட்டு, அங்கிருந்த அதிகாரி ஒருநாள் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். அவன் குரலை வீட்டிலிருந்தே கேட்க வைக்கிறேன் என்று நான்தான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அன்று அவள் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்கேனருக்குச் சொந்தமாக ஓர் ஒலிபெருக்கி உண்டு. ஆனால் அதில் தம்பி பேசினாலும் தவளை பேசினாலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். லேப்டாப் வழியாகக் கொண்டுவந்தால் இரைச்சலை வடிகட்டிவிடலாம், பதிவு செய்யலாம், குரல் வரும்போது திரையில் பச்சைக் கோடுகள் துள்ளுவதையும் பார்க்கலாம். மாடியறையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து என் மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, நாங்க பேசறதுல என்ன இருக்கு? கிளம்பிட்டோம், வந்துட்டோம், அணைச்சிட்டோம். அவ்வளவுதான்."

"அதைக் கேக்கத்தான்டா மாப்ள உங்கக்கா தவம் கெடக்கறா."

"அப்ப நல்லா சுத்தமா கேக்கற மாதிரி செஞ்சு குடுங்க. என் குரல் நல்ல குரல்."

கலகலப்பான பையன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் லேப்டாப், அப்படி ஒரு ஸ்கேனரே உலகத்தில் இல்லை என்று சாதித்தது. கேபிளை மாற்றினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சாதாரணமாக வீட்டில் ரவுட்டர் என்று ஒரு பெட்டி இருந்து, எல்லாக் கருவிகளுக்கும் ஆளுக்கொரு எண்ணை முகவரியாகக் கொடுக்கும். நேராக இணைக்கும்போது நடுவில் பெரிய மனிதர் யாரும் கிடையாது. நாமே கொடுக்க வேண்டும். பாரபட்சம் கூடாதென்று நான் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துத் தொலைத்தேன். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? தலையில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினேன். அப்போதும் லேப்டாப் வை-ஃபையில் போய் ஸ்கேனரைத் தேடிக்கொண்டிருந்தது. வை-ஃபையை அணைத்தேன். உடனே ஸ்கேனரின் முகம் அப்படியே திரையில் வந்து உட்கார்ந்தது. நான் ஆடிய ஆட்டத்தில் கீழே அடுக்களையில் ஒரு தட்டு விழுந்து உடைந்தது.

"என்னங்க, மேல யானையா கட்டியிருக்கீங்க?" என்று அவள் சத்தம் போட்டாள். நான் இன்னும் கொஞ்சம் ஆடினேன்.

ஆனால் குரல் வரவில்லை. இங்கேதான் சிக்கல், மேடம். எங்கள் ஊர் ஒரு சாது. தீயணைப்பு அலைவரிசையில் நாள்கணக்கில் யாரும் வாய் திறப்பதில்லை. என் லேப்டாப் மௌனமாக இருப்பது கோளாற்றினாலா, அல்லது பேச அங்கே ஆளே இல்லாததாலா? கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம் எந்த வில்லையைக் காட்டி என்ன பயன்? வாடகைக் கார்க்காரர்களின் அலைவரிசையில் சோதித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை நான் சோதிப்பதில்லை. எனக்கு வேண்டியது அந்த அலைவரிசை, அந்தக் குரல். குரல் வர வேண்டுமென்றால் வண்டி கிளம்ப வேண்டும். வண்டி கிளம்ப என்ன வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதலாவது, பூங்காவுக்குப் பின்னால் குவிந்து கிடந்த சருகு. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் மூச்சிரைக்க ஓடிவந்து மாடியேறி லேப்டாப்பைத் திறப்பதற்குள், வந்துட்டோம், அணைச்சிட்டோம் என்று அவர்கள் கதையை முடித்துவிட்டார்கள். சிரிப்பாகத்தான் வந்தது. சோதனையில் தப்பில்லை, தீ போதவில்லை. இரண்டாவது, ஆள் புழங்காத பழைய மரச்சாமான் கொட்டகை. அது நின்று நிதானமாக எரிந்தது. ஸ்கேனர் கரகரவென்று பேசியது, திரையில் அலைவரிசை எண்கள் ஓடின, லேப்டாப் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த அருமையான நேரத்தில்தான் கோளாற்றைப் பிடித்தேன். எண்கள் ஒரு வாசல் வழியாக வருகின்றன, குரல் வேறு வாசல் வழியாக வருகிறது. லேப்டாப்பின் பாதுகாப்புச் சுவர், ஃபயர்வால், அந்த இரண்டாவது வாசலை அடைத்து வைத்திருந்தது. திறந்துவிட்டேன். ஆனால் அதற்குள் அவர்கள் தீயை அணைத்துவிட்டார்கள். ஆக, சரிசெய்தாயிற்று, உறுதிசெய்யவில்லை. கண்ணாடியைச் செய்துவிட்டு ஒருமுறை போட்டுப் பார்க்காமல் யாராவது ஆளை அனுப்புவார்களா?

அதனால் மூன்றாவது. விடுமுறை நாள் பிற்பகல், பூட்டிக் கிடந்த மெத்தைக் கிடங்கு. மெத்தை நெடுநேரம் எரியும், நெடுநேரம் பேச்சு வரும். எப்படிப் பற்றவைத்தேன் என்பதை நேற்று இடத்திலேயே உங்களுக்குக் காட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். "வா, வா. வந்து உட்காரு." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பையனைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணும் கேக்கலையே?"

"பொறு, பொறு."

பச்சைக் கோடுகள் துள்ளின. மெத்தைக் கிடங்கில் தீ என்று நிலையம் சொன்னது, வண்டி பதில் சொன்னது. அப்புறம் அவன். இரைச்சல் இல்லை, தவளை இல்லை, அச்சு அசல் அவன். என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். "பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குங்க." அவள் கண்ணில், நான் வாக்குக் கொடுத்த அன்று பார்த்த அதே பார்வை. உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நேரம் ஒன்று இருந்ததில்லை.

காவலாளியைக் காணவில்லை, உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னான். காவலாளி எதிர்ச்சாரி டீக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரிடமோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். தீ வைத்துவிட்டுத் திரும்பும்போது நானே பார்த்தேன். ஆனால் அதை அவனிடம் எப்படிச் சொல்வது? ஸ்கேனர் கேட்கும், பேசாது. போன் மேஜைமேல்தானே இருந்தது என்று நேற்று கேட்டீர்கள். இருந்தது. ஆனால் சோதனை நடுவில் இரண்டாவதாக ஒன்றைத் தொடக்கூடாது, மேடம். ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறேன்.

அப்புறம் உள்ளே மரப்படி இடிந்து விழுந்தது. புகையில் தனக்கு வழி தெரியவில்லை என்றான். அவனுடைய இருமல், மூச்சு, சுவரைத் தடவுகிற சத்தம் எல்லாம் வந்தது. மற்றவர்கள் வெளியிலிருந்து அவன் பெயரைக் கத்தினார்கள். அப்போது அவன், "அக்கா, நீ கேட்டுட்டிருந்தா அந்தப் பெட்டிய அணைச்சிடு" என்றான். அவள் எழுந்து கேபிளைப் பிடுங்கப் பாய்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் பிடுங்கினால் பதிவு பாழாகிவிடும். கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, படுத்துவிட்டன. கோளாறு என்று பயந்து முகவரியைச் சரிபார்த்தேன், வாசல்களைச் சரிபார்த்தேன். இணைப்பில் ஒரு குறையும் இல்லை.

"தெளிவா கேட்டுச்சா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "தீ பத்திச்சுன்னு அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி, என்னை ஏன் மேல கூப்பிட்டீங்க?" என்றாள். உங்களுக்கு அவள் போன் போட்டது அதற்குப் பிறகுதான்.

மூன்று தீயும் நான் வைத்தவை. மூன்றாவதை, அவன் பணியில் இருக்கும் நாளாகத் தேர்ந்தெடுத்து வைத்தேன். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அவனையே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நாளைக்கு வேலையா என்றேன், ஆமா மாமா என்றான். அவன் விடுப்பில் இருந்தால் வேறு யாருடைய குரலோ வந்திருக்கும், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? எல்லாம் அவளுக்காகச் செய்ததுதான். அவள் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாளாம். வருத்தத்தில் இருக்கிறாள், சரியாகிவிடும். நீங்கள் அவளைப் பார்க்கும்போது எனக்காக ஒன்றை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். குரல் தெளிவாக இருந்ததா, இல்லையா? அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.