லேத் அக்கா செய்த ஸ்டீயரிங்

மேடையில் இருக்கும் பட்டறைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, பஸ் டிப்போ மேலாளர் அவர்களே, கேம் சென்டர் நடத்தும் தம்பி அவர்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் டிரைவர் அண்ணன் அவர்களே, கைக் கரியைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து நிற்கும் பட்டறை நண்பர்களே! இப்படி ஒரு கூட்டத்தில் வணக்கம் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் வணக்கம்.

வாசல் பேனரில் 'இயந்திரக் கலையின் பேரரசி' என்று போட்டிருக்கிறார்கள். லேத்தில் இரும்பைக் கடைந்தே வாழ்ந்த நம் லேத் அக்கா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "பேரரசி பட்டமெல்லாம் இருக்கட்டும், பட்டறைக்கு ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லுங்கடா" என்றிருப்பார். அப்படிப்பட்ட வாய்! அந்த வாய் இன்று மூடிவிட்டது.

புருஷனை அண்ணன் என்றும் பெண்டாட்டியை அக்கா என்றும் கூப்பிடும் முறைகெட்ட கூட்டம் நாம். டிரைவர் அண்ணன், லேத் அக்கா, அந்த இருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிலருக்குக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். அதனால் காலையிலேயே அண்ணனிடம் போய் அனுமதி கேட்டேன். "ஊருக்கெல்லாம் நான்தானே சொன்னேன். நீ சொல்றதுல என்ன வந்துச்சு?" என்றார். அதனால் பேசுகிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது? கணினியில் கார் ரேஸ் ஓட்டும் ஸ்டீயரிங் ஒன்று உடைந்துபோய், கேம் சென்டர் தம்பி அதை அக்காவிடம் கொண்டு வந்தார். அக்கா திறந்து பார்த்தார். உள்ளே சுண்டைக்காய் அளவு மோட்டார், ஒரு ரப்பர் பெல்ட்.

"ஏம்பா, இது ஸ்டீயரிங்கா, ஜூஸ் பிழியற மெஷினா?"

"அக்கா, நல்ல ஸ்டீயரிங் வேணும்னா பெல்ட்டே இருக்காது. மோட்டார் தண்டுலயே நேரா ஸ்டீயரிங்கை மாட்டியிருப்பாங்க. ரோட்ல இருக்குற மேடு பள்ளம் அப்படியே கையில தெரியும். ஆனா அதை வாங்கணும்னா என் கடையையே விக்கணும்."

"கடையை ஏன் விக்கிற? மோட்டார்தானே. நம்ம முதலாளி கடையில குப்பை மாதிரி கெடக்கு."

அந்த முதலாளி நான்தான். என் பழைய இரும்புக் கடையில், மூடிப்போன ஆலைகளிலிருந்து வந்த மோட்டார்கள் மலையாகக் கிடந்தன. நான் அவற்றைச் செம்புக்காக உடைப்பவன். அக்கா வந்து குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு மோட்டாரின் தண்டையும் கையால் திருப்பிப் பார்ப்பார். சில மோட்டார்கள் திருப்பும்போது பல் பல்லாகத் தடுக்கும். உள்ளிருக்கும் காந்தம் அப்படி இழுக்கும். அவற்றைத் தள்ளி வைப்பார். பிறகு ஒயர்களைச் சேர்த்து முறுக்கி மறுபடி திருப்புவார். தண்டு ஒரே சீராக இறுகினால் உள்சுற்று நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான் மின் கருவி ஒன்று கொடுத்தேன். "என் கையைவிட உங்க டப்பாவுக்கு அதிகமா தெரியுமா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதல் ஸ்டீயரிங்கை ஓட்டிப் பார்த்த அன்று, கோணத்தை அளக்கும் கருவியைத் தலைகீழாக மாட்டிவிட்டார். மின்சாரம் போட்டதும் ஸ்டீயரிங் பேய் பிடித்தது போலத் தானே சுழன்று அவர் மணிக்கட்டில் அடித்தது. கட்டுப் போட்ட கையோடு அக்கா அடுத்துச் செய்த வேலை என்ன தெரியுமா? ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச் வாங்கி, தட்டினால் எல்லாம் நின்றுவிடும்படி மாட்டினார். அது இல்லாமல் ஒரு ஸ்டீயரிங்கும் அவர் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. அவசரப்படுத்தியவர்கள் உண்டு. "உன் மணிக்கட்டைக் கழட்டி இங்க வச்சுட்டுப் போ, அப்புறம் சுவிட்ச் இல்லாம தர்றேன்" என்பார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தக் காலம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த மழைநாள் வந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றி வந்த கம்பெனி பஸ், தண்ணீர் தேங்கிய வளைவில் கவிழ்ந்தது. ஓட்டியவர் டிரைவர் அண்ணன். இறந்தவர்களின் வீட்டார் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். ஒரே மகளைப் பறிகொடுத்த டெய்லரம்மா அதோ ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். நான் யாருடைய துக்கத்தையும் எடை போட வரவில்லை.

டயர் தேய்ந்திருந்தது என்றார்கள். தூங்கிவிட்டான் என்றார்கள். அண்ணன் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஸ்டீயரிங்ல கனமே இல்லாம போச்சு." யாருக்குப் புரிந்தது? விசாரித்தவர்களுக்கா? எனக்கா? கட்டிய மனைவிக்கே புரியவில்லை! ஆனால் நம்மிடம் இல்லாத ஒன்று அக்காவிடம் இருந்தது. கையில் கனம் ஏற்றவும் இறக்கவும் தெரிந்த கருவி!

"நீங்க வாயால சொல்ல வேணாம். நான் செய்றேன். இதுதானான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

என் கடையிலிருந்த மோட்டார்களிலேயே பெரியதை எடுத்துக்கொண்டார். உடைந்த பஸ் ஒன்றின் ஸ்டீயரிங் வட்டத்தை அதன் தண்டில் ஏற்றினார். கேம் சென்டர் தம்பி கணினியில் கனமான வண்டியையும் நனைந்த ரோட்டையும் அமைத்துக் கொடுத்தார். எதற்காக இவ்வளவும்? தன் புருஷன் தூங்கவில்லை என்று ஒரு ஆளாவது நம்ப வேண்டும் என்பதற்காக!

அண்ணன் உட்காருவார். அக்கா கனத்தை மாற்றுவார்.

"இப்போ?"

"இல்ல. இன்னும் லேசா."

"இப்போ?"

"ஒரேயடியா போகல. முதல்ல கொஞ்சம் நழுவுச்சு. அப்புறந்தான் போச்சு."

"நழுவுச்சுன்னா எப்படி?"

"நழுவுச்சுடீ. வேற எப்படிச் சொல்றது?"

இப்படியே எத்தனையோ நாள். ஒரு மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். திரையில் டயர் தண்ணீரில் மிதந்து ரோட்டுப் பிடியை விட்டதும் ஸ்டீயரிங் கனம் இழந்தது. "இதுதான்" என்றார் அண்ணன். அவர் கை தானாக ஸ்டீயரிங்கை இன்னும் வளைத்தது, கால் பிரேக்கை அழுத்தியது. திரையில் பஸ் கவிழ்ந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடி கவிழ்ந்தது. அடுத்த முறை பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தார். கையை வளைக்காமல் அப்படியே வைத்திருந்தார். பஸ் தண்ணீரைத் தாண்டி வளைவில் போய்விட்டது.

"கனம் திரும்பி வந்துடுச்சு" என்றார் அண்ணன். எழுந்து வெளியே போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தார்.

நண்பர்களே! புருஷன் மேல் தப்பில்லை என்று காட்ட அக்கா செய்த சாமான், புருஷனுக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. அவர் தூங்கவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சில் கை தப்பான பக்கம் போனது. பழைய இரும்பில் செய்த சாமான் சொல்வது கோர்ட்டில் நிற்குமா? நிற்காது. ஆனால் அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. வீடு வீடாகப் போய்த் தானே சொன்னார். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். டெய்லரம்மா மட்டும் உட்காரச் சொன்னார். "என்கிட்ட சொல்லி என் பொண்ணு வரப்போறதில்லப்பா. ஓட்டப் போறவன்கிட்ட சொல்லு" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் அக்கா. டிப்போ மேலாளரைப் பார்த்தார். புது டிரைவர்கள் ரோட்டுக்குப் போகும் முன்னால் இந்த ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, கனம் போனால் கை என்ன செய்ய வேண்டும் என்று பழக வேண்டும் என்றார். மேலாளரும் ஒத்துக்கொண்டார். அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தச் சனியனை இனிமே தொடமாட்டேன்" என்றார்.

அதற்குள் அக்காவுக்கு நுரையீரலில் நோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "நீங்க தொட வேணாம். பக்கத்துல உக்காந்து சரியா தப்பான்னு சொல்லக் கூடாதா?" அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "முதலாளி, ஆணிக்குக்கூட பேரம் பேசுற ஆளாச்சே நீங்க. இவர்கிட்ட பேசிப் பாருங்க."

அண்ணனின் சம்மதத்தைக் காதால் கேட்காமலே அக்கா போய்ச் சேர்ந்தார்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பட்டறையைப் பிரித்து விற்கலாம் என்று என்னிடம் விலை கேட்டு வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். வராதீர்கள். அதில் ஒரு போல்ட்டைக்கூட நான் வாங்கமாட்டேன். டிப்போவுக்கு இன்னும் ஸ்டீயரிங்குகள் வேண்டும். மோட்டார் என் பொறுப்பு. கணினி வேலை கேம் சென்டர் தம்பி பொறுப்பு. லேத் வேலையைச் சங்கத்து ஆட்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அக்காவின் வேலை நிற்காது! அவர் மாட்டிய சிவப்பு சுவிட்ச் இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது! இது என் உறுதி, நம் எல்லாருடைய உறுதி!

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய மோட்டாரில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றுக்கும் கனத்தைப் புதிதாக அமைக்க வேண்டும். "இது இல்ல, இன்னும் லேசா" என்று சொல்ல அந்த வளைவில் அன்றைக்கு ஸ்டீயரிங் பிடித்திருந்த கைதான் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது?

டிரைவர் அண்ணே, இத்தனை பேர் முன்னால் உங்களிடம் சம்மதம் கேட்டு மானத்தை வாங்கமாட்டேன். தலையாட்டக்கூட வேண்டாம். நான் நடக்கப்போவதை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை டிப்போவிலிருந்து புது ஆட்கள் வருகிறார்கள். நீங்கள் வராவிட்டால் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவேன். எனக்குப் பஸ் ஓட்டத் தெரியாது. தப்பாகத்தான் சொல்லிக் கொடுப்பேன். அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போவார்கள். மழை வரும்.

என்னிடம் இருக்கும் பேரம் அவ்வளவுதான், அண்ணே.

லேத் அக்காவுக்கு என் அஞ்சலி. எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.