மெயினை இறக்கிவிட்டுப் பேசுவோம்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் மடியில் பூவோடு உட்கார்ந்திருக்கும் அக்காவின் மகளே, பக்கத்தில் தலைகுனிந்திருக்கும் அக்காவின் கணவரே, கையிலிருந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் மின்பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடை ஏறியதும் இந்த மைக் கம்பத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள். துக்கத்துக்கு வந்த இடத்தில் சிரித்துவிட்டோமே என்று சிலர் வாயைப் பொத்திக்கொண்டதையும் பார்த்தேன். பரவாயில்லை. அக்கா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு, "சரியா வெச்சுப் பாத்தியா?" என்றும் கேட்டிருப்பார்.

நம் சங்கத்தின் ஆய்வுக் குழுத் தலைவர்! நாம் எல்லோரும் வாய் நிறைய 'மெயின் அக்கா' என்று கூப்பிட்ட அம்மையார்! எந்தக் கட்டடத்துக்கு ஆய்வுக்குப் போனாலும் வாசலிலேயே அவர் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "முதல்ல மெயின இறக்கு. அப்புறம் பேசலாம்." நாற்காலி போட்டாலும் அதே பதில். தண்ணீர் நீட்டினாலும் அதே பதில். பக்கத்தில் மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் எனக்குத்தான் தொண்டை காயும்.

அவர் ஏன் அப்படி இருந்தார்? நம் சங்கத்தின் வட்ட ஸ்டிக்கர் ஒரு சுவிட்ச் போர்டில் ஒட்டியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? அதைச் செய்தவரின் வேலையை யாரோ ஒருவர் நேரில் வந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரருக்கு எர்த் தெரியாது, மின்கசிவு தெரியாது. ஸ்டிக்கரைத்தான் தெரியும். அதை நம்பித்தான் குளித்த ஈரக்கையோடு சுவிட்சைத் தட்டுகிறார். அந்த ஈரக்கையை மறக்காதவர் நம் அக்கா.

இரண்டாவது வரிசையில் அவருடைய கொழுந்தனார் இருக்கிறார். நம் சங்கத்தில் சேர மனு போட்டிருந்த சமயம், ஒரு பல் மருத்துவமனையில் அவர் செய்த வேலையைப் பார்க்கப் போனோம். மீட்டரை வைத்தோம். எர்த் கிடைக்கவில்லை. "அண்ணி, நான் உங்க கொழுந்தன்" என்றார். "அது எனக்குத் தெரியும் தம்பி. கரண்டுக்குத் தெரியுமா?" என்றார் அக்கா. மனு தள்ளுபடி! கொழுந்தனார் கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பிறகு வேலையைப் பிரித்து, புதிதாகச் செய்து, மறுபடி மனு போட்டார். அக்கா மறுபடி போனார். மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்து, "சாப்பிட எப்ப வர்றீங்க தம்பி?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் ஐயா. எனக்கும் அதே நிலைமைதான்.

தலைவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருடைய அலுவலகச் சுவரில் எத்தனை சான்றிதழ்கள்! எந்தெந்த அமைப்பின் உறுப்பினர் பட்டங்கள்! எல்லாம் கண்ணாடிச் சட்டத்தில். ஒருநாள் அங்கே போன அக்கா ஒவ்வொன்றாக நின்று படித்தார். பாராட்டப் போகிறார் என்று ஐயா காத்திருந்தார். "ஆணி அடிக்கும்போது உள்ள ஒயர் போகுதான்னு பாத்தீங்களா?" என்றார் அக்கா. அன்று முதலில் சிரித்தவர் தலைவர் ஐயாதான். அதையும் நான் சொல்ல வேண்டும்.

என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மன்னியுங்கள். மனம் நிலைகொள்ளவில்லை. அக்கா நோயில் படுத்த நாளிலிருந்து நேரடி ஆய்வு நின்றுபோனது. கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் உறுப்பினர் புதுப்பிப்பு என்று தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்தோம். அதையே நிரந்தரமாக்கிவிடலாம் என்ற தீர்மானம் வருகிற பொதுக்குழுவுக்கு வரப்போகிறது. மருத்துவமனையில் இதை அவரிடம் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "போட்டோவத் தொட்டா ஷாக் அடிக்குமாடா?" என்று கேட்டார். நீங்கள் சொல்லுங்கள், அடிக்குமா?

உட்கார்ந்ததிலிருந்து என் கண் அக்காவின் படத்தின் மேல் இல்லை. படத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த இரும்புக் கால் விளக்கின் மேல்தான் இருக்கிறது. அதன் பிளக்கில் மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பின். ஒயர் கம்பளத்துக்கு அடியில் போகிறது. அதன்மேல் காலையிலிருந்து நாம் எல்லோரும் நடக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து, அந்த விளக்கை ஒட்டி நின்று, பூ வைக்கப் போகிறோம். முதலில் அந்த மகள்.

இல்லை, இதற்கு மேல் என்னால் பேச முடியாது. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். ஒரு நிமிடம்.

எரிகிறது!

விளக்கின் இரும்புக் காலில் வைத்த டெஸ்டர் எரிகிறது. பின்வரிசைக்குத் தெரியாது, முன்வரிசையே, நீங்கள் பாருங்கள். வேண்டாம் அம்மா, எழுந்து வராதே. பூவோடு அங்கேயே இரு. யாரும் பக்கத்தில் வராதீர்கள்.

அந்தச் சுவரில் போர்டு இருக்கிறது. கசிவு வந்தால் தானாக விழ வேண்டிய ட்ரிப்பர் அதில் எங்கே? இல்லை! ஆனால் என்ன இருக்கிறது? நம் வட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. பளபளவென்று, இந்த ஆண்டு ஒட்டியது. படம் வந்தது, புதுப்பித்தோம், ஒட்டினோம்! அக்காவுக்கு இரங்கல் சொல்ல வந்த இடத்தில், அக்கா பெற்ற பிள்ளையை அக்காவின் படத்தருகிலேயே பலிகொடுக்க இருந்தோமே! யார் ஒட்டியது என்று இன்று கேட்க மாட்டேன். ஒட்டியவர் ஒருவர், பார்க்காமல் விட்டது நாம் எல்லோரும்.

மண்டப மேலாளரே, மெயினை இறக்குங்கள். என்ன? ஏசி நின்றுவிடுமா? நிற்கட்டும். மைக்கும் போய்விடுமா? போகட்டும்!

அதோ, தலைவர் ஐயாவே எழுந்து போகிறார். அவரே கைப்பிடியைப் பிடித்துவிட்டார். நன்றி ஐயா. இறக்குங்கள்.

கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கட்டும் என்றுதான் கத்துகிறேன். ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், வெளிச்சம் வரட்டும். ஆய்வுக் குழுவில் அக்காவின் இடம் காலியாக இருக்கிறது. எல்லோரும் வேண்டாம் என்று ஒதுங்குகிற அந்த இடத்துக்கு என்னை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து நான் கையெழுத்துப் போட மாட்டேன். நேரில் வருவேன். உங்கள் வாசலில் நின்று, நீங்கள் போட்ட நாற்காலியில் உட்காராமல், அதே வார்த்தையைச் சொல்வேன். அண்ணன் தம்பி என்று பார்க்க மாட்டேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். முதல் ஆய்வு இந்த மண்டபம். கூட்டம் முடிந்ததும் ஆரம்பிக்கிறேன். அந்த ஸ்டிக்கரை இப்போதே உரித்துவிடுங்கள்.

பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். இரு அம்மா, இன்னொரு தடவை டெஸ்டர் வைத்துப் பார்க்கிறேன். அதன்பிறகு புறங்கையால் நானே ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

ஒன்றுமில்லை. இப்போது வா அம்மா. உன் அம்மாவுக்குப் பூ வை.